துணைக்குரலில் கட்டிய இசை: அலிசன் கிரௌஸ் வழியாக புளூகிராஸ் கேட்பது எப்படி

பாடகி அலிசன் கிரௌஸ் இதுவரை வாங்கிய கிராமி விருதுகள் 27. அமெரிக்க புளூகிராஸ், கன்ட்ரி இசை உலகில் இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. ஆனால் எண்ணிக்கையைவிட அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பதுதான் பயன். தனி ஒருவராக அவர் வாங்கியவை மிகக் குறைவு. பெரும்பாலானவை யூனியன் ஸ்டேஷன் என்ற தன் குழுவோடு சேர்ந்து வாங்கியவை. மீதியில் ராக் பாடகர் ராபர்ட் பிளான்டோடு பாடியவை உண்டு, ஜேம்ஸ் டெய்லரோடு பாடியது உண்டு, ஷெனன்டோவா என்ற கன்ட்ரி குழுவோடு பாடியது உண்டு, ஒரு திரைப்பட இசைத்தொகுப்பில் பங்கெடுத்ததற்காகக் கிடைத்ததும் உண்டு. சேர்ந்து பாடியே இவ்வளவு உயரத்துக்கு வந்தவர் அவர்.

இதற்குக் காரணம் அவர் சுபாவம் மட்டுமல்ல, அவர் வளர்ந்த இசையின் அமைப்பே அப்படி. புளூகிராஸில் துணைக்குரல் என்பது பாட்டு முடிந்தபிறகு மேலே தூவும் அலங்காரம் அல்ல, பாட்டின் எலும்பு. அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பிடிபட்டுவிட்டால், கிரௌஸ் ஏன் இத்தனை பேருக்குத் தேவைப்பட்டார் என்பதும், அவருடைய செல்வாக்கு எந்த வழியாகப் பரவியது என்பதும் காதாலேயே புரியும்.

குழுவின் அமைப்பு

புளூகிராஸ் பழைய கிராமிய இசை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குச் சினிமாப் பாட்டைவிட வயது குறைவு. கென்டக்கி மாநிலத்தின் ரோசீன் என்ற சிற்றூரிலிருந்து வந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ, 1939-ல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில் சேர்ந்தார். அவருடைய குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். இசை வகைக்கே அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் மூன்று விரல்களால் பான்ஜோ மீட்டும் முறையோடு உள்ளே வந்தார். லெஸ்டர் ஃபிளாட் கிதார் வாசித்துப் பாடினார். 1946 முதல் 1948 வரையிலான அந்தக் கூட்டணி எப்படி ஒலித்ததோ, அதுதான் இன்றுவரை புளூகிராஸின் அளவுகோல்.

டிரம்ஸ் கிடையாது. மின் கிதார் கிடையாது. மாண்டலின், பான்ஜோ, ஃபிடில், அக்கூஸ்டிக் கிதார், ஆளுயர பேஸ் ஆகிய ஐந்தும்தான் அடிப்படை. டோப்ரோ பின்னால் வந்து சேர்ந்தது. உலோகத் தட்டு பொருத்திய கிதார் அது. மடியிலோ தோள்வாரிலோ படுக்கைவசமாக வைத்து, தந்திகளின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். ஃபிடில் என்பது வயலினேதான், வேறு வாத்தியமல்ல; ஆனால் கர்நாடக வயலின்போல ச-ப-ச-ப என்று சுருதி கூட்டாமல் ஜி, டி, ஏ, இ என்று கூட்டி, நின்றுகொண்டு வாசிப்பார்கள். மாண்டலினுக்கும் அதே சுருதிதான், ஒவ்வொன்றும் இரட்டைத் தந்தி.

டிரம்ஸ் இல்லாமல் தாளம் எங்கிருந்து வருகிறது? நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் ஒலிக்கும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் ஒரு வெட்டு வெட்டும். தந்திகளை அடித்த அடுத்த நொடியே இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடைத்துவிடுவதால் 'சக்' என்று மட்டும் கேட்கும். முதல்முறை புளூகிராஸ் கேட்பவர் வேறெதையும் கவனிக்காமல் இந்த 'சக்'கை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். அது காதுக்குப் பழகியதும் மற்ற வாத்தியங்கள் தானாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

பாடும்போது வாத்தியங்கள் பின்னால் நிற்கும். ஒரு சரணம் முடிந்ததும் ஏதாவது ஒன்று முன்னால் வந்து தன் முறையை வாசித்துவிட்டுப் போகும். இதை 'பிரேக்' என்பார்கள். பாட்டின் வரிகளுக்கு நடுவே விழும் சின்ன இடைவெளிகளை நிரப்புவது இன்னொரு வேலை. வரி முடிந்தபிறகு நுழைந்து, அடுத்த வரி தொடங்குமுன் வெளியேற வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாடகர் இன்னும் சொல்லை முடிக்கவில்லை, அதற்குள் பான்ஜோ கொட்ட ஆரம்பித்துவிடும். யூனியன் ஸ்டேஷனில் டோப்ரோ வாசிக்கும் ஜெரி டக்ளஸ் இந்த விஷயத்தில் ஒரு பாடப்புத்தகம். கிரௌஸின் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவருடைய முதல் ஸ்வரம் விழும்.

மூன்று குரல்கள்

இனி முக்கியமான பகுதி. புளூகிராஸ் பாடலில் சரணத்தை ஒருவர் தனியாகப் பாடுவார். கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதி, வந்ததும் மூன்று குரல்கள் சேரும். மெட்டைப் பாடுவது முதன்மைக் குரல். அதற்கு மேலே ஒலிப்பது டெனர். கீழே ஒலிப்பது பாரிடோன். மூவரும் ஒரே சொற்களை, ஒரே நேரத்தில், வெவ்வேறு ஸ்வரங்களில் பாடுகிறார்கள்.

ஸ்வரங்களை வைத்தே பார்க்கலாம். பாட்டின் சுருதி ஜி என்று வையுங்கள், அதுதான் ச. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான் இங்கேயும். கிதார் ஜி கார்டு வாசிக்கிறது. கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு. அந்தக் கார்டுக்குள் இருப்பவை ச, க, ப. முதன்மைக் குரல் ச-வில் நின்றால் டெனர் மேலே உள்ள க-வைப் பாடுவார், பாரிடோன் கீழே உள்ள ப-வைப் பாடுவார். முதன்மைக் குரல் க-வுக்கு ஏறினால் டெனர் ப-வுக்கும் பாரிடோன் ச-வுக்கும் ஏறுவார்கள். இதுவரை எளிது.

அடுத்து கிதார் சி கார்டுக்கு மாறுகிறது. அதன் ஸ்வரங்கள் ம, த, ச. முதன்மைப் பாடகர் அதே ச-வில்தான் நிற்கிறார் என்று வையுங்கள். அவர் அசையவே இல்லை. ஆனால் டெனர் இன்னும் க-வில் நின்றுகொண்டிருந்தால் கார்டில் இருக்கும் ம-வோடு அது மோதும். அதனால் டெனர் ம-வுக்கு ஏறியாக வேண்டும். பாரிடோன் ப-வை விட்டு த-வுக்கு ஏற வேண்டும். மெட்டு நின்ற இடத்தில் நிற்க, அதன் இரு பக்கமும் நிறம் மாறுகிறது. புளூகிராஸ் கோரஸில் திடீரென்று நெஞ்சு நிறைகிற மாதிரி ஒரு நொடி வருமே, பல சமயம் அது இதுதான். மெட்டுக்கு மேலே எப்போதும் ஒரே இடைவெளி விட்டுப் பாடினால் போதும் என்று நினைப்பவர்கள் விழுகிற குழியும் இதுவே. துணைக்குரல் பாடுபவர் மெட்டை மட்டுமல்ல, கார்டையும் கேட்க வேண்டும்.

மூன்றில் கடினமானது பாரிடோன். தனியாகக் கேட்டால் அந்த வரிக்கு மெட்டுபோன்ற அழகே இருக்காது. ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கும், திடீரென்று எங்கோ தாவும். மற்ற இருவரும் விட்டுவைத்த இடத்தை நிரப்புவதே அதன் வேலை. அதனால் பழக்கமில்லாதவர் தன்னையறியாமல் மெட்டுக்கே நழுவிவிடுவார். அந்த இடத்தில் மூன்று குரல் இரண்டாகச் சுருங்கி, ஒலி சட்டென்று மெலிவது கேட்கும்.

பெண் குரல் முதன்மையாக வரும்போது இந்த அடுக்கு மாறுகிறது. மன்றோ காலத்து ஆண்கள் பி, பி ஃபிளாட் போன்ற உயர்ந்த சுருதிகளில் தொண்டை இறுகப் பாடினார்கள். அதற்கும் மேலே டெனர். ஒரு பெண் தனக்குச் சரியான சுருதியில், உதாரணமாக டி-யில், மெட்டைப் பாடும்போது அதற்கு மேலே ஓர் ஆண் டெனர் பாடுவது பெரும்பாலும் நடக்காது. அப்போது டெனரின் வரியை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுவார்கள். மெட்டு உச்சியில், அதன் கீழே பாரிடோன், எல்லாவற்றுக்கும் கீழே இறக்கிய டெனர். மெட்டு க-வில் நிற்கும்போது, கேட்க ப-ச-க என்று அடியிலிருந்து மேலே அடுக்கியதுபோல் இருக்கும். முதன்மைக் குரலை உச்சியில் வைக்கும் இந்த அடுக்கை ஆஸ்பார்ன் பிரதர்ஸ் 1950-களின் பிற்பகுதியிலேயே பிரபலமாக்கிவிட்டார்கள். அங்கே உச்சியில் பாடியவர் பாபி ஆஸ்பார்ன் என்ற ஆண். பெண்கள் முதன்மைப் பாடகர்களாக வரத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

அலிசன் கிரௌஸ் இரண்டு பக்கமும் பழகியவர். தான் முதன்மைப் பாடகியாக இருக்கும்போது மெட்டை உச்சியில் வைத்து ஆண் குரல்களைக் கீழே தாங்கச் சொல்வார். யூனியன் ஸ்டேஷனின் பாடகராக இருந்த டான் டிமின்ஸ்கி முதன்மையாகப் பாடிய காலத்தில் அவருக்கு மேலே ஏறி டெனராகிவிடுவார். ஒரே கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு இந்த இடமாற்றம் நடக்கும். அவருடைய கூட்டுப்பாடல்கள் அனைத்துக்கும் அடித்தளம் இந்தப் பயிற்சி.

அவர் எதை மாற்றினார்

1971-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். ஷாம்பெய்ன் என்ற பல்கலைக்கழக நகரத்தில் வளர்ந்தார். ஐந்து வயதில் மேற்கத்திய செவ்வியல் வயலின். கொஞ்ச காலத்திலேயே ஃபிடில் போட்டிகள். பதின்ம வயதிலேயே ரௌண்டர் என்ற சிறிய, சுயேச்சையான இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம்; 1987-ல் முதல் ஆல்பம். பெரிய நிறுவனங்களின் காலம் அது. அவர் பல ஆண்டுகள் ரௌண்டரிலேயே தங்கினார். 1993-ல் கிராண்ட் ஓல் ஆப்ரியில் உறுப்பினராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 21.

இசையில் அவர் கொண்டுவந்த மாற்றம் முதலில் குரலின் அளவில் தெரிகிறது. பில் மன்றோ வழியில் பாடுவதென்றால் உயரத்தில், பலத்தோடு, ஒரு தனிமையின் கூர்மையோடு பாடுவது. கிரௌஸின் குரல் மெல்லியது. ஸ்வரத்தோடு மூச்சின் ஓசையும் கேட்கும். அவ்வளவு மெல்லிய குரலுக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் குழு முழுவதும் தன் பலத்தைக் குறைத்தாக வேண்டும். யூனியன் ஸ்டேஷன் அதைச் செய்தது. ரான் பிளாக் பான்ஜோவைக் கொட்டாமல் ஸ்வரம் ஸ்வரமாக உதிர்ப்பார். பாரி பேல்ஸின் பேஸ் நீண்டு ஒலிக்கும். மெதுவான காதல் பாடல்கள் புளூகிராஸ் மேடையின் நடுவுக்கு வந்தன. பழைமையில் ஊறியவர்கள் சிலர் இதைப் புளூகிராஸே அல்ல என்றார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஏனென்றால் வேகமும் பலமும் அந்த இசையின் பிறவிக்குணங்கள். ஆனால் அதே குழு வேகமான பாட்டைத் தொடும்போது மாண்டலின் வெட்டும், பான்ஜோ உருட்டலும், மூன்று குரல் அடுக்கும் மன்றோ போட்ட பாதையிலேயே ஓடுவதைக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

பிறர் பாடல்களுக்குள் அவர் செய்த வேலை

கீத் விட்லி என்ற கன்ட்ரி பாடகர் 1989-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவரும் புளூகிராஸிலிருந்து வந்தவர்தான். பதின்ம வயதில் ரால்ஃப் ஸ்டான்லியின் குழுவில் பாடியவர். அவருடைய நினைவாக 1994-ல் வந்த தொகுப்புக்காக கிரௌஸும் யூனியன் ஸ்டேஷனும் 'வென் யூ சே நத்திங் அட் ஆல்' பாடலைப் பாடினார்கள். விட்லி பாடி 1988-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. கிரௌஸ் பாடியதை வானொலி நிலையங்கள் தாமாகவே ஒலிபரப்பத் தொடங்கின. அதன்பிறகே தனிப்பாடலாக (சிங்கிள்) வெளியானது. 1995-ல் கன்ட்ரி பட்டியலில் மூன்றாம் இடம்வரை சென்றது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் அந்த ஆண்டுக்கான சிறந்த தனிப்பாடல் விருதையும் வாங்கியது. அன்றைய கன்ட்ரி வானொலியில் இவ்வளவு மெல்லிய அக்கூஸ்டிக் பாட்டு ஒலிப்பதே அபூர்வம்.

அதே 1995-ல் வந்த அவருடைய தொகுப்பு ஆல்பம் அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. புளூகிராஸ் கலைஞர் யாரும் அதுவரை கனவுகூடக் காணாத அளவு. ஷெனன்டோவா குழுவோடு பாடிய பாட்டும் இந்த ஆண்டுகளில்தான் விருது வாங்கியது. இங்கிருந்து கன்ட்ரி பாடகர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். டாலி பார்ட்டன் 1999-ல் புளூகிராஸுக்குத் திரும்பி வந்து செய்த ஆல்பத்தில் துணைக்குரல் பாடியவர்களில் கிரௌஸும் டிமின்ஸ்கியும் உண்டு. 2000-ல் கென்னி ராஜர்ஸ் தன் அறுபதுகளில் மீண்டும் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைத் தொட்ட பாட்டிலும் அவர் குரல் இருக்கிறது.

2000 டிசம்பரில் வந்தது 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' திரைப்படத்தின் இசைத்தொகுப்பு. டி போன் பர்னெட் தயாரித்தார். கதை நடப்பது 1930-களின் மிசிசிப்பியில். படத்தில் ஜார்ஜ் குளூனி வாயசைக்கும் 'மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ' பாட்டின் குரல் டான் டிமின்ஸ்கியுடையது. ஹார்லி ஆலனும் பேட் என்ரைட்டும் சேர்ந்து பாடினார்கள். கிரௌஸ் பாடிய 'டவுன் டு தி ரிவர் டு பிரே' புதிதாகக் கேட்பவருக்கு மிகச் சிறந்த பாடம். வாத்தியம் ஒன்றுகூட இல்லை. முதல் சுற்று அவர் தனியாகப் பாடுகிறார். பிறகு பக்கக் குரல்கள் ஒன்றிரண்டாகச் சேர்கின்றன. பின்னர் டென்னசியின் ஒயிட் ஹவுஸ் என்ற ஊரின் பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழு முழுவதும் உள்ளே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மெட்டு அதேதான். அதைச் சுற்றிய அடுக்கு மட்டும் தடிமனாகிக்கொண்டே போகிறது. ஹார்மனி, அதாவது இப்படிக் குரல்களை அடுக்கிப் பாடுவது, என்றால் என்ன என்று யாராவது கேட்டால், விளக்கம் சொல்வதைவிட இந்த ஒரு பாட்டைப் போட்டுக்காட்டுவது மேல். அந்தத் தொகுப்பு 2002-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அமெரிக்காவில் 80 லட்சம் பிரதிகளுக்கான விற்பனைச் சான்றிதழும் அதற்கு உண்டு.

'விஸ்கி லல்லபை' வேறு வகை. 2003-ல் வந்த பிராட் பெய்ஸ்லியின் ஆல்பத்தில் இடம்பெற்று, அடுத்த ஆண்டு தனிப்பாடலாக வந்தது. எழுதியவர்கள் பில் ஆண்டர்சன், ஜான் ராண்டல். பிரிந்துபோன இருவரும் குடித்தே மாண்டுபோகும் கதை. முதல் சரணம் அவனைப் பற்றியது, பெய்ஸ்லி பாடுகிறார். இரண்டாம் சரணம் அவளைப் பற்றியது, கிரௌஸ் பாடுகிறார். கோரஸில் இருவரும் சேர்கிறார்கள். இங்கே அவருடைய குரலின் மெல்லிய தன்மை கதையாகவே மாறுகிறது. ஓங்கிப் பாடும் கன்ட்ரி பாடகி ஒருவர் அந்தச் சரணத்தைப் பாடியிருந்தால் அழுகைக் காட்சியாகியிருக்கும். கிரௌஸ் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு நகர்கிறார். அதனால்தான் அது வலிக்கிறது.

ராபர்ட் பிளான்டோடு

எல்லாவற்றிலும் எதிர்பாராதது இது. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்டும் கிரௌஸும் 2004-ல் கிளீவ்லாந்தில், லெட் பெல்லி என்ற புளூஸ் கலைஞரின் நினைவாக நடந்த ஒரு நிகழ்ச்சியில் சேர்ந்து பாடினார்கள். 2007-ல் 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பம் வந்தது. தயாரிப்பு மறுபடியும் டி போன் பர்னெட். 2009 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம், 'ப்ளீஸ் ரீட் தி லெட்டர்' பாடலுக்காக ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு உட்பட ஐந்து விருதுகள்.

இருவரும் பாட்டை அணுகும் முறை நேரெதிரானது. ராக் பாடகர் ஒரு பாட்டை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடுவார். அன்றைய மேடை எப்படி இழுக்கிறதோ அப்படி. தனியாகப் பாடும்வரை அது பெரிய பலம். ஆனால் பக்கத்தில் ஒருவர் சரியாக மூன்று ஸ்வரம் தள்ளி நின்று பாட வேண்டுமென்றால், மெட்டு அடுத்த நொடி எங்கே போகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். ஹார்மனி பாடுவது தனக்குப் புதிது, அதைக் கற்க வேண்டியிருந்தது என்று பிளான்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தில் 'கில்லிங் தி புளூஸ்' பாட்டைக் கேளுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை இரண்டு குரல்களும் ஒட்டியே நடக்கின்றன. உலகத்தின் மிகப் பெரிய மேடைகளைக் கத்திக் குலுக்கிய அந்தத் தொண்டை இங்கே கிட்டத்தட்டப் பேசுகிற அளவில் நிற்கிறது. கிரௌஸின் அளவுக்கு அவர் இறங்கி வந்திருக்கிறார். யூனியன் ஸ்டேஷனின் வாத்தியங்களுக்கு நேர்ந்ததுதான் இங்கே பிளான்டின் குரலுக்கும் நேர்ந்தது.

இது புளூகிராஸ் ஆல்பம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜே பெலரோஸின் டிரம்ஸ் உண்டு, மார்க் ரிபோவின் மின் கிதார் உண்டு. புளூகிராஸிலிருந்து இதற்குள் வந்தது குரல்கள் ஒன்றையொன்று கேட்கும் ஒழுங்கு மட்டுமே. அதே இருவரும் அதே தயாரிப்பாளரும் 2021-ல் 'ரெய்ஸ் தி ரூஃப்' ஆல்பத்தில் மறுபடி சேர்ந்தார்கள்.

அடுத்த தலைமுறை

குரல் கொடுத்ததோடு நிற்காமல் பிறருடைய ஆல்பங்களைத் தயாரித்தும் கொடுத்தார். லூசியானாவின் காக்ஸ் குடும்பத்தோடு சேர்ந்து 1994-ல் செய்த பக்திப் பாடல் ஆல்பம் கிராமி வாங்கியது. கிறிஸ் தீலி, ஷான் வாட்கின்ஸ், சாரா வாட்கின்ஸ் ஆகிய மூவரின் நிக்கல் கிரீக் குழுவுக்கு 2000, 2002 ஆண்டுகளில் வந்த ஆல்பங்களைத் தயாரித்தார். புளூகிராஸ் வாத்தியங்களோடு புளூகிராஸ் அல்லாத இடங்களுக்குப் போகலாம் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது அந்தக் குழுவிடம். ஆலன் ஜாக்சன் என்ற முன்னணி கன்ட்ரி பாடகரின் 2006 ஆல்பத்தையும் அவர் தயாரித்தார். ஜாக்சனின் வழக்கமான துள்ளல் பாட்டுகளைவிட அது மிகவும் நிதானமாக ஒலித்தது. பெண்கள் புளூகிராஸ் பாடுவதும் வாசிப்பதும் இன்று இயல்பாகிவிட்டது. 1960-களில் ஹேசல் டிக்கன்ஸும் ஆலிஸ் ஜெரார்டும் திறந்த கதவு அது; கிரௌஸ் அதைப் பெரிய அரங்குகள்வரை அகலமாக்கினார்.

நீங்களே மூவராகப் பாடிப் பார்க்க

ஹார்மனியைக் கேட்டு மட்டும் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. ஒருமுறையாவது உள்ளே நின்று பாட வேண்டும். மூன்று பேர், ஒரு கிதார், மூன்று கார்டுகளுக்குள் அடங்கும் ஒரு பாட்டு போதும்.

சுருதியை முதன்மைப் பாடகரின் உச்ச ஸ்வரத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். மெட்டின் உயரமான இடத்தை அவர் சிரமமில்லாமல் தொட வேண்டும். ஓர் ஆண் ஜி-யில் பாடும் பாட்டைப் பெண் பாடும்போது பெரும்பாலும் சி அல்லது டி சரியாக வரும். கிதாரில் ஜி கார்டின் விரலமைப்பை மாற்றாமல் ஐந்தாவது கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் சி கிடைக்கும். சி அமைப்போடு இரண்டாவது கட்டத்தில் போட்டால் டி.

முதலில் மூவரும் மெட்டையே ஒன்றாகப் பாடி, சொற்கள் தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே நொடியில் விழும்வரை பழகுங்கள். இதைத் தாண்டி ஓடுபவர்கள்தான் அதிகம். பிறகு முதன்மைக் குரலும் டெனரும் மட்டும், பாதி வேகத்தில். கார்டு மாறும் இடங்களில் நின்று, நீட்டி, பொருந்துகிறதா என்று கேளுங்கள். பாரிடோனைக் கடைசியில் சேர்க்க வேண்டும். அந்த வரியை கைபேசியில் தனியாகப் பதிவுசெய்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் மெட்டுக்கு நழுவுவது குறையும். கிதாரை வைத்துவிட்டு சுருதிப்பெட்டி செயலியை ஜி-யில் ஓடவிட்டு ச-க-ப மூன்றையும் ஒரே உயிரெழுத்தில் நீட்டிப் பாடினால், க சரியாக உட்காரும் இடம் காதுக்குத் தெரியும். கிதார் கட்டங்கள் தரும் க அதைவிட இழை அளவு கூடுதல். பல பான்ஜோ கலைஞர்கள் தங்கள் பி தந்தியைக் கொஞ்சம் இறக்கிக் கூட்டுவது இதனால்தான்.

மூன்றும் சரியான ஸ்வரத்தில் இருந்தும் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி உயிரெழுத்துதான். ஒருவர் வாயை அகலமாகவும் இன்னொருவர் குவித்தும் பாடினால் ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். அடுத்தது அசைவு: ஒருவர் கமகம்போல ஸ்வரத்தை அசைத்து, மற்றவர்கள் நேராக நிறுத்தினால் அடுக்கு ஆடிவிடும். நம்மில் கர்நாடக இசை பழகியவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். முதன்மைக் குரல் அசைந்தால் அதே அளவில் அசையலாம். இல்லையென்றால் நேராகவே நில்லுங்கள். ஒலியளவில் டெனர் எப்போதும் எதிர்பார்த்ததைவிட அதிகம் கேட்கும், உயரத்தில் இருப்பதால். டெனர் ஒரு அடி பின்னால் நின்றால் போதும். பழைய குழுக்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று இதைத்தான் செய்தன. ஒலிப்பொறியாளர் தேவையில்லை; யார் எவ்வளவு நெருங்குகிறாரோ அவ்வளவு கேட்கும். சரணத்தில் பாடகர் முன்னால், கோரஸில் மூவரும் தோளோடு தோள், பிரேக்கில் வாத்தியக்காரர் உள்ளே வர மற்றவர்கள் ஒதுங்குவார்கள். பான்ஜோ மட்டும் எப்போதும் இரண்டு அடி தள்ளியே நிற்க வேண்டும், அதன் ஓசை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

எந்த வரிசையில் கேட்பது

'டவுன் டு தி ரிவர் டு பிரே' முதலில். அடுத்து 'வென் யூ சே நத்திங் அட் ஆல்'. இதை விட்லி பாடியதோடு அடுத்தடுத்து கேட்டால் அக்கூஸ்டிக் வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்று தெரியும். பிறகு 'விஸ்கி லல்லபை', அதன்பின் 'கில்லிங் தி புளூஸ்'. இவை பழகியபிறகு மன்றோவின் 1946-48 பதிவுகளுக்குப் போங்கள். நேராக அங்கே தொடங்கினால் அந்தக் குரலின் கூர்மை பலரைத் துரத்திவிடும். கிரௌஸ் வழியாகப் போனால் அதே அடுக்கு அங்கேயும் இருப்பது கேட்கும்.

கடைசியாக 'ஆர்கேடியா'. 2011-க்குப் பிறகு 14 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் யூனியன் ஸ்டேஷனோடு அவர் வெளியிட்ட ஆல்பம். டிமின்ஸ்கி இதில் குழுவின் பாடகராக இல்லை. அவருடைய இடத்தில் ரஸ்ஸல் மூர் வந்திருக்கிறார், தேர்ட் டைம் அவுட் குழுவை நெடுங்காலம் நடத்திய அனுபவசாலி. டிமின்ஸ்கியின் குரலில் ஒரு சொரசொரப்பு உண்டு. மூருடையது வழவழப்பானது, உயரத்தில் எளிதாக நிற்கக்கூடியது. 2011-ன் 'பேப்பர் ஏர்பிளேன்' ஆல்பத்திலிருந்து ஒரு கோரஸ், இதிலிருந்து ஒரு கோரஸ் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, கிரௌஸின் குரலுக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.